பெட்டி கட்டுமுன் ஒரு வார்த்தை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"தொழில் அனுபவம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றுதான் செயலாளர் சொன்னார். அவர் என்னை மன்னிக்க வேண்டும். இங்கே வந்திருக்கும் சீனியர்கள் பலருக்குப் பத்தாவது படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் டீ குடிக்கும்போதே இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள், "புள்ளைய எந்தப் பிரைவேட் ஸ்கூலுக்கு மாத்தலாம்?" என்று. அதற்கான பதிலைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

முதலில் என் கதை. 2005-ல் திண்டுக்கல்லில் தமிழ் வழியில் பத்தாவது முடித்தேன். அப்பா வெங்காயப் பேட்டையில் ஒரு கமிஷன் மண்டிக் கணக்குப்பிள்ளை. மார்க் வந்த மூன்றாம் நாள் ராத்திரி, சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல சீட்டு வாங்கியாச்சு. திங்கக்கிழமை கெளம்பணும்." அவ்வளவுதான். ஒரு தகரப் பெட்டி, அதற்கு நம்மூர்ப் பூட்டு ஒன்று. வேடசந்தூர், கரூர், பரமத்தி வேலூர் காவிரிப் பாலம் என்று பஸ் போனது. நான் ஜன்னல் பக்கம் திரும்பியவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கரூரில் அப்பா வாங்கிக் கொடுத்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

அந்தக் காலத்தில் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் நாமக்கல், ராசிபுரம் பக்கம் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். லாரிக்கும் கோழிப்பண்ணைக்கும் பேர்போன ஊர், மார்க்குக்கும் பேர் வாங்கியிருந்தது. 1984-ல் வந்த நுழைவுத்தேர்வு, நான் பிளஸ் டூ முடித்த 2007-ல் எடுக்கப்பட்டது. அதன்பின் இன்ஜினியரிங் சீட்டுக்குப் பிளஸ் டூ மார்க்கே எல்லாம் என்றானது. ஆக, அப்பா போட்ட கணக்கில் தப்பில்லை.

பள்ளியின் பேர் வேண்டாம். அதிகாலை ஐந்து மணிக்கு எழுப்புவார்கள். பிளஸ் ஒன் புத்தகத்தைப் பேருக்குத்தான் திறந்தோம். இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடம்தான். மார்க் வந்தது, கவுன்சலிங்கில் இந்தக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

ஆனால் முதல் செமஸ்டரிலேயே மாட்டிக்கொண்டேன். கணித வகுப்பில் பேராசிரியர், "இது பிளஸ் ஒன்னிலேயே படிச்சதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். நான் எங்கே படித்தேன்? அரியர் விழுந்தது. வீட்டில் சொல்லாமல் மறைத்தேன். கடைசியில் அந்தப் பேராசிரியரிடமே போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, மாலை வேளைகளில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். நான் இன்று இன்ஜினியராக நிற்பது அந்த மாலை வகுப்புகளால்தான்.

இது எனக்கு மட்டும் நடந்த கதையல்ல. 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு கொண்டுவந்தது. பல பள்ளிகள் அந்த வருஷப் பாடத்தையே தாண்டிப் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2025-26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. எனவே பிளஸ் ஒன் பாடத்தை உண்மையிலேயே நடத்துகிறார்களா என்று பெற்றோர்தான் விசாரிக்க வேண்டும்.

மூன்றாம் வருஷம் படிக்கும்போது இன்னொன்று தெரிந்தது. அந்த ஹாஸ்டல் பீஸுக்காக அடகு போன அம்மாவின் சங்கிலி திரும்பி வரவே இல்லை. அப்பாவிடம் கேட்டேன்: "இதையெல்லாம் அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." அவர் சொன்னார்: "கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்பே." உண்மைதான், சொல்லியிருப்பேன். ஆனால் சங்கிலி அடகில் இருப்பதைச் சொல்லிக் கேட்டிருந்தால், போகிறேன் என்றும் சொல்லியிருப்பேனோ என்னவோ! இரண்டு வருஷம் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேனே, அது மட்டும் நிச்சயம் நடந்திருக்காது.

இப்போது இரண்டாவது கதைக்கு வருகிறேன். அக்கா வீடு நிலக்கோட்டைப் பக்கம். மல்லிகைத் தோட்டம். அக்கா மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பவள். 2025 மே மாதம் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தாள். அக்கா வீட்டுக்காரர் போன் பண்ணினார்: "மாப்ளே, பிரைவேட் ஹாஸ்டல் ஸ்கூலுக்கு அட்வான்ஸ் கட்டிட்டேன். இவ அழுகுறா. நீ வந்து சொன்னா கேப்பா. நீயும் அப்படிப் படிச்சு வந்தவன்தானே." போனேன். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. "கணக்கு டீச்சர் மாறிப் போயி நாலு மாசம் ஆச்சு மாப்ளே, அடுத்த ஆளு வரலை. ரெண்டு வருஷத்த யாரை நம்பி விடுறது?" என்றார்.

புத்தி சொல்லலாம் என்று வாய் திறந்தேன். அதற்குள் அவள் கேட்டாள்: "மாமா, உங்களக் கேட்டுட்டா அனுப்புனாங்க?"

எனக்குப் பேச்சு வரவில்லை. "இல்லம்மா" என்றேன். பிறகு ஒரு தாளை எடுத்து, அவளையும் மச்சானையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம்.

மாநிலப் பாடத்திட்டத்தில் தனியார் பள்ளியானாலும் அரசுப் பள்ளியானாலும் பிளஸ் டூ புத்தகம் ஒன்றுதான். இன்ஜினியரிங் கட் ஆப் 200. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-லும், இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் சட்டம் வந்தது. ஆயிரம் இடத்தில் எழுபத்தைந்து அவர்களுக்கு. தொழிற்படிப்பில் அப்படிச் சேருகிறவர்களின் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்தார்கள். இதுபோக, 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். கடைசி இரண்டு வருஷம் மட்டும் தனியார் பள்ளிக்கு மாறினாலும் அந்த ஒதுக்கீட்டு உரிமை போய்விடும்.

மச்சான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத அட்வான்ஸ் வாங்கும்போது ஒருத்தனும் சொல்லலையே மாப்ளே" என்றார். அவளோ, "கணக்குக்கு மட்டும் டியூஷன் வச்சுக் குடுங்கப்பா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றாள். மறுநாள் பூ மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்தவர், "சரி, இங்கேயே படி" என்றார். அட்வான்ஸில் பாதி போனது போனதுதான். அவள் அதே பள்ளியில் படிக்கிறாள். சனி, ஞாயிறில் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்கு டியூஷன் வருகிறாள். என்ன மார்க் எடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது அவள் எடுத்த முடிவு. தடுமாறினாலும் அப்பாவிடம் வந்து சொல்வாள். என்னைப்போல் அரியரை மறைக்க மாட்டாள்.

தனியார் பள்ளிக்கே அனுப்பாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சில பிள்ளைகளுக்கு அதுதான் பொருந்தும். சிலர் தாங்களே போகிறேன் என்பார்கள். நான் கேட்பது இவ்வளவுதான். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் பிள்ளையைக் கூட்டிப்போய் அந்த வகுப்பறையையும் ஹாஸ்டலையும் காட்டுங்கள். பணம் எங்கிருந்து வருகிறது, மாறினால் எது கிடைக்கும், எது போகும் என்று கூட உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அதற்கப்புறம் பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பதினைந்து வயசுப் பிள்ளைக்குக் கணக்குப் புரியும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் எத்தனை பேர் கேட்காமலே பெட்டி கட்டி அனுப்பப்பட்டவர்களோ, எனக்குத் தெரியாது. பிளஸ் ஒன் பாடம் தெரியவில்லை என்றால் வெட்கப்படாதீர்கள். இங்கே முன்வரிசையில் இருக்கும் இவர்களிடம் போய்க் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். வீட்டுக்குப் போனால், உங்கள் பீஸ் எங்கிருந்து வந்தது என்று அப்பா அம்மாவிடம் ஒருமுறை கேளுங்கள். நான் ஐந்து வருஷம் தாமதமாகக் கேட்டேன்.