குடையோடு ஒரு வரைபடம்

சத்துவாச்சாரி 2011 வரை தனி நகராட்சி. பிறகு வேலூர் மாநகராட்சியில் சேர்ந்தது. ஊர் பெரிசானால் தெருவின் குரல் சன்னமாகிவிடும், இல்லையா? அதற்குத்தான் பகுதி சபை. நகரத்துக்கு ஒரு கிராமசபை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில் இது கூடியது. பம்மல் கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்தார். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தத் தெருக்காரர்களே வந்து பேசுவதுதான் ஏற்பாடு.

பேசுவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "கால்வாய் சரியில்லை" என்றால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மழை பெய்கிற அன்றே குடையோடு இறங்குங்கள். மலைப்பக்கமிருந்து வரும் தண்ணீர் எந்த முனையில் தேங்குகிறது, எந்தச் சிறுபாலத்தில் குப்பை அடைக்கிறது, வடிய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். அந்தத் தாளைப் பொறியாளர் அத்தனை சுலபமாகத் தள்ளிவைக்க முடியாது. வரைய யோசனையாக இருந்தால் தெருமுனை டீக்கடைக்காரரைக் கேளுங்கள். அவரைவிடத் தெருவை அறிந்தவர் யார்?

உங்கள் பகுதியில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கவுன்சிலரிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள்.