கால் பிசகினால் நடையை விடாதீங்க

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பேங்கில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பட்டுத் தெரிந்ததையும், பட்ட பிறகு கேட்டும் படித்தும் தெரிந்ததையும் சொல்கிறேன்.

நம்ம ஊரில் 2013 முதல் கோயம்புத்தூர் மாரத்தான் நடக்கிறது. அதில் பேரனோடு 5 கிலோமீட்டர் ஓடலாம் என்று ரேஸ்கோர்ஸில் பழக ஆரம்பித்தேன். இரண்டாம் வாரமே கணுக்கால் மடங்கிவிட்டது. தெரிந்தவர் ஒருவரிடம் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டேன். ராத்திரியே வீக்கம் அதிகமானது. அது முதல் தப்பு. நாலாம் நாளே ஓடப் போய் மறுபடியும் அதே காலை மடக்கிக்கொண்டது இரண்டாவது. பயந்துபோய் மூன்று மாதம் உட்கார்ந்தே இருந்ததுதான் பெரிய தப்பு. தொடை இளைத்து, மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டியதாகிவிட்டது.

கால் மடங்கினால், முதலில் நாலு அடி எடுத்து வைத்துப் பாருங்கள். முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கனடாவில் ஒட்டாவா நகர டாக்டர்கள் 1992இல் வகுத்த விதியின் சாரம் இது.

எலும்பு முறிவு இல்லையென்றால் முதல் இரண்டு மூன்று நாள் கிரேப் பேண்டேஜ் சுற்றி, தலையணை மேல் காலை உயர்த்தி வையுங்கள். உருவுவதும் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். ஐஸ் வலியைக் குறைக்கும். ஆனால் 1978இல் அதைப் பிரபலமாக்கிய டாக்டர் கேப் மிர்கினே 2014இல், அதிகம் வைத்தால் குணமாவது தாமதமாகலாம் என்று எழுதினார். துணியில் சுற்றிப் பத்து நிமிடம் போதும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் ஐஸைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு வலி பொறுக்கிற அளவுக்குக் காலை அசையுங்கள், நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்று பழகினால் மறுபடி மடங்குவது குறையும்.

அடுத்தது சாப்பாட்டுக் கணக்கு. ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும். 60 கிலோ இருப்பவருக்கு 50 கிராம். வயதானவர்களுக்கு அதற்கு மேலும் வேண்டும் என்கிறார்கள் முதியோர் மருத்துவர்கள். மூன்று இட்லியில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான். வரவு குறைவு, செலவு அதிகம்! பவுடர் டப்பா தேட வேண்டாமுங்க. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. கடலைக்காயில் இன்னும் கொஞ்சம் அதிகம். கொள்ளுப் பருப்பு, தயிர், முட்டை என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் பேரன் ஓடினான், நான் வேடிக்கை பார்த்தேன். அடுத்த வருஷம் 5 கிலோமீட்டரும் நடந்தே முடித்தேன். ஒருமுறை விழுந்த பயத்தில் நடையை விட்டவர்கள் நம் குடியிருப்பிலும் இருக்கிறீர்கள். காலை ஆறு மணிக்கு கேட் பக்கம் நிற்பேன். மெதுவாகத்தான் நடப்பேன். வாங்க, சேர்ந்து போகலாம்.