ஏழு என்னும் பெயருடைய அருவி



ஆறு கடலைச் சேர்வதற்கென ஒரு முறை உண்டு. மலையிலே பிறந்த வேகம் சமவெளியில் அடங்கி, நடை தளர்ந்து, கரை அகன்று, எங்கே ஆறு முடிந்தது, எங்கே கடல் தொடங்கிற்று என்று பிரித்தறிய இயலாதபடி கலந்துவிடுதலே பெரும்பாலான ஆறுகளின் இயல்பு. அம்முறையைக் கைக்கொள்ளாத சிற்றாறு ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அது பிரித்தானியத் தீவின் மேற்குப் புறத்திலே, வேல்ஸ் நாட்டின் கார்டிகன் விரிகுடாக் கரையிலே உள்ளது. சைத் என்பது அதன் பெயர். கரைக்கு வந்த அந்த ஆறு கடலோடு கலப்பதில்லை. பாறை விளிம்பிலிருந்து மணலை நோக்கிக் குதிக்கிறது.

அந்த ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் திரெசைத். வேல்ஸ் மொழியிலே 'திரெ' என்றால் ஊர். கார்டிகன் நகரிலிருந்து வடகிழக்காகச் சில மைல் சென்று, நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால், இரு மருங்கும் வேலிச்செடிகள் உயர்ந்து நிற்கும் ஒடுங்கிய பாதையொன்று நம்மைக் கடலுக்கு இட்டுச் செல்கிறது. எதிரே வண்டியொன்று வந்தால் ஒருவர் பின்வாங்கியே ஆகவேண்டும். பாதையின் முடிவிலே சில வீடுகள், கடலைப் பார்த்தபடி ஒரு விடுதி, அதன் கீழே மணற்கரை. ஊர் அவ்வளவுதான்.

கடலை நோக்கி நின்றால் அருவி வலப்புறத்தே இருக்கிறது. ஆனால் நினைத்த நேரத்தில் அதனருகே போய்விட முடியாது. இடையிலே ஒரு பாறை முனை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றிச் செல்லும் வழி கடல் வற்றும்போதுதான் திறக்கும், பெருகும்போது மூடிக்கொள்ளும். அக்கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் பத்தடிக்கு மேல் ஏறி இறங்குவதுண்டு. ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆகவே இன்று கண்ட நேரம் நாளைக்கு உதவாது. நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். நேர அட்டவணையைப் பாராமல் நடப்பவர்கள் பாறைக்கும் அலைக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ள நேரிடும். அந்நாட்டுக் கரைகளிலே இது விளையாட்டான செய்தியன்று.

நாங்கள் வற்று நேரம் பார்த்துச் சென்றோம். அருவி பெரியதன்று. உயரத்தை விரும்புவோர் அதே நாட்டின் வடகிழக்கிலே, 240 அடியிலிருந்து விழும் பிஸ்டில் ஹ்ரையடர் அருவியைத் தேடிச் செல்லலாம். திரெசைத்தின் சிறப்பு உயரத்தில் இல்லை. அது விழும் இடத்திலே இருக்கிறது. கரும்பாறை முகம், அதிலே பாசி, ஈரம் ஊறிய இடுக்குகளிலே செடிகள், நடுவே வெண்ணிறமாய் விழும் நீர். விழுந்த நீர் மணலிலே ஆழமற்ற வாய்க்கால் ஒன்றை வகுத்துக்கொண்டு கடலுக்கு ஓடுகிறது. நன்னீரையும் உப்புநீரையும் சில அடி தூரத்துக்குள்ளே தொட்டுப் பார்க்கலாம். கண்ணை மூடி நின்றாலோ ஈரோசைகள் கேட்கின்றன: ஒன்று விடாமல் ஒலிப்பது, மற்றது விட்டு விட்டு வருவது.

ஆறு ஏன் இப்படிக் குதிக்கிறது? பள்ளத்தாக்கு வழியே சாவதானமாகக் கடலை அடைந்த காலமும் அதற்கு இருந்தது. பனிக்கட்டிக் காலத்திலே வந்து படிந்த களிமண்ணும் கற்களும் அதன் பழைய வாயிலை அடைத்துவிட்டன. வழி இழந்த ஆறு பக்கத்தே திரும்பிப் புதிய வழி தேடிற்று. தேடிய வழியோ ஒரு செங்குத்துப் பாறையின் தலைக்குக் கொண்டுவந்து விட்டது. பாறையை அறுத்துப் பள்ளமாக்க அந்தச் சிற்றாற்றுக்கு இன்னும் காலம் போதவில்லை. ஆதலால் குதிக்கிறது.

இது நிலநூலார் கூறும் காரணம். ஊரார் கூறும் கதை வேறு. வேல்ஸ் மொழியிலே 'சைத்' என்றால் ஏழு. (வடமொழியின் 'சப்த' என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பர் மொழிநூலார்.) அயர்லாந்து அரசன் ஒருவனுக்கு ஏழு புதல்வியர், தந்தையால் அடக்க முடியாத புதல்வியர். மனம் சலித்த அரசன் அவர்களை ஒரு படகிலேற்றி, பாயும் சுக்கானும் துடுப்பும் இல்லாமற் கடலிலே விட்டுவிட்டான். காற்று அவர்களை இக்கரையிலே கொண்டுவந்து சேர்த்தது. அவர்கள் இவ்வூர் இளைஞர் எழுவரை மணந்து இங்கேயே வாழ்ந்தார்கள் என்று கதை முடிகிறது. தந்தையின் செயலைக் கதை கண்டிப்பதில்லை. எனக்கு அது சற்று உறுத்தலாகவே இருந்தது.

கதை கதைதான். ஆயினும் அயர்லாந்திலிருந்து மக்கள் இக்கரைக்கு வந்தது வெறுங்கதையன்று. அடுத்த குடாவாகிய பென்பிரினுக்கு அருகே, வயல்வெளியிலே தனியாக ஒரு கல் நிற்கிறது. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டுக் கல். அதிலே இலத்தீன் எழுத்துக்களில் கோர்பலெங்கி என்ற பெயரும், அவன் ஓர்டோவிசியர் குலத்தவன் என்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர் அயர்லாந்துக்கு உரியதென்பது அறிஞர் கருத்து. அயலிலிருந்து வந்த பெயரைத் தாங்கி, உள்ளூர்க் குலத்தாருள் ஒருவனாகவே புதையுண்டான் போலும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். சார்ள்ஸ் லாப்வர்த் என்னும் நிலநூல் அறிஞர் 1879ஆம் ஆண்டிலே மிகப் பழைய பாறைக் காலம் ஒன்றுக்குப் பெயர் தேடியபோது, இந்தக் குலத்தின் பெயரையே எடுத்து 'ஓர்டோவிசியன்' என்று வழங்கினார். அருவி விழும் பாறையும் 44 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் காலத்ததே.

எழுவர் கதையைப் பற்றி ஒரு கவலை என்னுள் எழுந்தது. 'சைத்' என்றால் ஏழு என்று அறிந்தவனுக்கே அந்தக் கதை ஊர்ப் பெயரிலிருந்து பிறக்கும். அறியாதவனுக்கு அது பலகையிலே எழுதிய வெறும் ஓசை. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தக் கெரெடிகியொன் மாவட்டத்திலே, மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனோருள், நூற்றுக்கு 47 பேர் வேல்ஸ் மொழி பேசினர். 2021இல் அது 45 ஆகக் குறைந்தது. நாடு முழுவதையும் எடுத்தால் நூற்றுக்கு 18 பேர்கூட இல்லை. கடல் தெரியும் வீடுகளை விடுமுறைக்கென்று வாங்குவோர் பெருக, ஊர்ப்பிள்ளைகள் அவ்விலை கொடுக்க மாட்டாமல் வேறிடம் போகிறார்கள். அவர்களோடு மொழியும் போகிறது.

இவ்வூரில் வாழ்ந்த புகழ்பெற்ற எழுத்தாளரையும் இவ்விடத்தில் நினைத்துக்கொண்டேன். அலன் ரெயின் என்ற ஆண்பெயரில் எழுதிய அன் அடலைசா பட்டிகோம் அம்மையார் 1836இலே, அதிக தூரமில்லாத நியூகாசில் எம்லின் என்னும் ஊரிற் பிறந்தவர். 1897இல் வெளிவந்த 'வேல்ஸ் பாடகி' என்ற நாவல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. நோயுற்ற கணவரோடு 1900இலே திரெசைத்தில் வந்து குடியமர்ந்து, 1908இல் இங்கேயே காலமானார். இக்கரை மக்களின் வாழ்வையே அவர் எழுதினார். ஆனால் ஆங்கிலத்தில் எழுதினார். அதனாலேயே உலகம் இவ்வூர்களை அறிந்தது. அவர் கதைமாந்தருக்கு ஒப்பான மக்களோ அன்றாடம் பேசியது வேல்ஸ் மொழி. இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. எழுதுவோர் பலருக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது.

வற்று நேரமாதலால் மணல் வழியே பென்பிரின் வரை நடந்தோம். அம்மையாரின் கல்லறை அங்குள்ள தேவாலய முற்றத்திலே இருக்கிறது. திரும்பும்போது மணல்வழியை நம்பாமல், மேட்டின் மீது செல்லும் கரையோர நடைபாதையைப் பிடித்தோம். வேல்ஸின் கடலோரம் முழுவதையும் தொடுத்துச் செல்லும் அந்த 870 மைல் பாதை 2012ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. இந்த விரிகுடாவிலே டொல்பின்கள் வாழ்கின்றன. மேட்டிலிருந்து நெடுநேரம் பார்த்தும் அன்று ஒன்றும் தென்படவில்லை. நாங்கள் திரெசைத்துக்கு இறங்கியபோது, காலையில் நடந்துபோன பாறை முனையைக் கடல் சூழ்ந்திருந்தது.