பங்கு ஏட்டில் எழுதிய பெயர்

தென்கடற்கரையின் கத்தோலிக்கப் பங்குகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கோயிலிலிருந்தே தொடங்குவார்கள். தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயம் 1713இல் எழுந்தது, 1806இல் தங்கத்தேர் ஓடியது, 1982இல் பசிலிக்கா ஆனது என்று அந்தப் பெருமை நீளும். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் பங்கை அறிய வந்தவர் கோபுரத்தையும் தேரையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதியைத்தான் பார்த்திருக்கிறார். பங்குத்தந்தை இல்லத்தின் அலமாரியில் இருக்கும் திருமுழுக்கு ஏட்டையும் குடும்பப் பதிவேட்டையும் அவர் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிந்து வைத்திருப்பதில்தான் பங்கின் உயிர் இருக்கிறது. அந்த அறிவு ஊர்மக்கள் கையில் இருக்கும்வரைதான் அதனால் நன்மை. இன்று நான் வாதிட வந்திருப்பது இதைத்தான்.

திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குதோறும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், திருமுழுக்குக் கொடுத்த குருவின் கையெழுத்து எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து வேறு ஊரில் மணம் முடித்தால், அந்த ஊர்ப் பங்கிலிருந்து தகவல் வந்து அதே ஓரத்தில் பதிவாகும். பிழைப்புக்காக எங்கே போனாலும் ஒருவருக்குப் பிறந்த பங்கில் ஒரு வரி காத்திருக்கிறது. ஏழைக்கும் பணக்காரருக்கும் அந்த வரி ஒரே அளவுதான்.

இந்த ஏட்டையும் பங்கையும் காத்தது குருக்கள் மட்டுமல்ல. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் எந்த ஊரிலும் நெடுநாள் தங்கவில்லை. மந்திரங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்து, ஊருக்கு ஊர் செபம் நடத்தக் கணக்கப்பிள்ளைகளை வைத்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர்ந்தார். அந்த ஏற்பாட்டின் வலிமையை ஒரு நூற்றாண்டுக்குப் பின் பாக்கு நீரிணையின் அக்கரையில் காணலாம். 1658இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் வசமானது, கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள். 1687இல் ஏழைக் கூலி வேடத்தில் ஜோசப் வாஸ் அடிகளார் அங்கே போய்ச் சேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், நம்பிக்கையைக் கைவிடாமல் வைத்திருந்தவை குடும்பங்கள். அவரும் மூப்பர், அண்ணாவியார் என்று ஊரவரையே பொறுப்பில் அமர்த்தித்தான் தம் பணியைக் கட்டினார். இன்று குமரிக் கரையில் வீடுவீடாகக் கூடும் அன்பியம் என்னும் சிறு குழுக்களும், மீன் விற்ற பணத்தில் கோயிலுக்கென்று ஒதுக்கும் தெறிப்பும் இதே மரபின் தொடர்ச்சி என்று நான் கருதுகிறேன். பங்குத்தந்தை சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார். ஊர் அங்கேயேதான் இருக்கும்.

இந்த அறிவின் பயன் என்ன என்பதை ஒக்கிப் புயல் காட்டிவிட்டது. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலான ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். பல நாள் தங்கலுக்குப் போனவர்கள் அவர்கள். எந்த விசைப்படகில் யார் ஏறினார் என்று அரசு அலுவலகம் எதிலும் ஒழுங்கான பதிவு இல்லை. காணாமல் போனவர் எத்தனை பேர் என்பதிலேயே நாள்கணக்கில் குழப்பம் நீடித்தது. அப்போது பங்குவாரியாக, வீடுவாரியாகப் பட்டியல் எழுதியவர்கள் பங்குத்தந்தையரும் ஊர்மக்களும். அந்தப் பட்டியலில் இருந்தவை வெறும் எண்ணிக்கை அல்ல. தகப்பன் பெயரோடும் படகின் பெயரோடும் எழுதிய பெயர்கள். நிவாரணம் கேட்டு நின்ற விதவைக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேறு இல்லை.

இதற்கு மறுப்பு உண்டு. அதை லேசாகத் தள்ள முடியாது. பெயர் தெரிந்து வைத்திருக்கும் ஊர், பெயரை நீக்கவும் செய்யும். ஊர்க் கமிட்டியை எதிர்த்துப் பேசிய குடும்பத்தை ஊர்விலக்கு வைப்பது, திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் சான்று தராமல் இழுத்தடிப்பது எல்லாம் நம் கரையில் நடந்தவை. சாதியின் கணக்கு இன்னும் கொடியது. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் இரு சாதியாரைப் பிரிக்க நடுவே சுவர் எழுப்பினார்கள். 1910இல் அது இடிக்கப்பட்டபோது, சுவர் வேண்டும் என்றவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டதே 2016இல்தான். எனவே பங்கு என்பது அன்பின் கூடாரம் என்று மட்டும் பாடிக்கொண்டிருப்பது உண்மைக்குச் செய்யும் துரோகம். ஆனால் இந்தக் கேடுகளுக்கு மருந்து பங்கைக் கலைப்பதில் இல்லை. ஏடும் கணக்கும் சிலர் கையில் சிக்கிய இடத்தில்தான் அவை முளைத்தன.

திருச்சபைச் சட்டமே குருவுக்கு மேலிடம் தருகிறதே, பொதுநிலையினர் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களும் உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் பங்குப் பேரவைக்கு ஆலோசனை உரிமை மட்டுமே இருப்பது உண்மைதான். அதே தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த ஒரு விதியை முழு மனதோடு நடைமுறைப்படுத்தினாலே பங்கின் முகம் மாறிவிடும். மீன் விற்று, தலைச்சுமையாகக் கூடை தூக்கி, தெறிப்புப் பணத்தில் தம் பங்கை உழைத்துத் தந்த பெண்கள் ஊர்க் கமிட்டியில் இல்லாத நிலையை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அது வழக்கம் மட்டுமே. வழக்கத்தை மாற்ற உரோமையின் அனுமதி தேவையில்லை.

ஆகவே இந்த அவையில் இருக்கும் பங்குப் பேரவையினரிடம் மூன்று வேண்டுகோள்கள். வரவு செலவை மாதம் ஒருமுறை ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாசித்து, கோயில் வாசலில் ஒட்டுங்கள். அடுத்த கமிட்டித் தேர்தலில் பாதி இடங்களைப் பெண்களுக்குக் கொடுங்கள். உங்கள் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கென்று பிரித்த பகுதி இருந்தால் இந்த ஆண்டிலேயே அதை நீக்குங்கள்.