நகரத் திட்டம் யாருடைய கையில்?

(பெங்களூருவில் கட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2015 ஆகஸ்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக, மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் இந்நகரம் அதிகாரிகளால் ஆளப்பட்டது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. வார்டு எண்ணிக்கை, எல்லை, இடஒதுக்கீடு என ஒவ்வொரு காரணமாகக் காட்டி அக்கட்டளை தள்ளிப் போடப்பட்டது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுக்கு மேலே முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட ஆணையம் ஒன்றும் அமர்த்தப்பட்டது.

அதிகாரம் மேலே குவிந்துவிட்ட நிலையில் ஒரு வார்டு உறுப்பினருக்காக இத்தனை உழைப்பு தேவையா என்று தோழர்கள் சிலர் கேட்கின்றனர். கட்சி ஆதரிக்கும் வேட்பாளர் ஏரி, வாய்க்கால், நடைபாதை என்றே பேசுகிறார், கூலியும் விலைவாசியும் எங்கே போயின என்ற கேள்வியும் எழுந்துள்ளது. இரண்டுமே நியாயமான கேள்விகள். விடை இந்நகரின் மண்ணிலேயே இருக்கிறது.

பெங்களூருவின் நடுவே வற்றாத ஆறு எதுவும் ஓடவில்லை. பெய்யும் மழையை ஏரிகளில் தேக்கி, ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு நீரை அனுப்பும் ராஜகாலுவே எனும் பெருவாய்க்கால்களே இவ்வூரை வாழவைத்தன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. பிற்காலத்தில் ரியல் எஸ்டேட் மூலதனம் எஞ்சிய பள்ளங்களையும் வாய்க்கால் ஓரங்களையும் விழுங்கியது. 2022 செப்டம்பர் மழையில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குச் சென்றதை நாடே பார்த்தது. 2024 கோடையில் அதே நகரம், ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடிநீருக்குத் தவித்தது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் வேர் ஒன்றே: மழைநீர் தங்கவும் மண்ணுக்குள் இறங்கவும் இடம் இல்லை.

இதன் சுமை யார் தலையில் விழுகிறது? லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டு வேலைப் பெண் அன்றைய கூலியை இழக்கிறார். தாழ்வான தெருவில் ஓர் அறை வீட்டில் வாழும் கட்டுமானத் தொழிலாளியின் அரிசியும் பிள்ளைகளின் புத்தகங்களும் ஒரே இரவில் நனைந்து போகின்றன. ஆதலால் வாய்க்காலைப் பற்றிய பேச்சு கூலியைப் பற்றிய பேச்சே.

எனினும் தேர்தல் நடந்துவிட்டால் மட்டும் போதும் என்று கருதுவதற்கில்லை. 2013 ஜனவரியில் ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான குடியிருப்பு நிலத்தில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் புல்டோசர் கொண்டு வெளியேற்றப்பட்டன. தமிழ் பேசும் தலித் மக்களும் அவர்களில் இருந்தனர். அந்நிலத்தின் ஒரு பகுதியில் வணிக வளாகம் எழுப்பத் தனியாருடன் ஒப்பந்தம் செய்திருந்தது மாநகராட்சியே. அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தது; அம்மக்கள் பக்கம் நிற்கும் மன்றமாக அது இல்லை. குடிசைகளை அகற்றும் முதலாளித்துவம் பிரச்சனையைத் தீர்ப்பதில்லை, அதை வேறிடத்துக்குத் தள்ளுகிறது என்பதை 1872இலேயே ‘குடியிருப்புப் பிரச்சனை’ கட்டுரைகளில் எங்கெல்ஸ் விளக்கினார். ஈஜிபுரா அதற்கு இன்னொரு சான்று.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது சட்டத் திருத்தம், உள்ளாட்சிக்கு உரியனவாக 18 பணிகளைப் பட்டியலிட்டது. அவற்றில் முதலாவது நகரத் திட்டமிடல். ஆனால் பெங்களூருவின் பெருந்திட்டத்தை வரைந்து வந்தது மாநில அரசின் வளர்ச்சி ஆணையம். அந்தத் திட்டத்தை ஒரு வார்டு உறுப்பினர் தனியே மாற்றிவிட முடியாது. அவ்வாறு மாற்றிக் காட்டுவதாக வேட்பாளரும் சொல்லவில்லை. அவர் முன்வைப்பவை மூன்று.

முதலாவது, வார்டு குழு மாதந்தோறும் மக்கள் முன்னிலையில் கூடும். வார்டின் வரவு செலவு அங்கே வாசிக்கப்படும். இரண்டாவது, 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடியாமல் ஒரு தள்ளுவண்டியும் அகற்றப்படாது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளுக்குச் சட்டம் தரும் 40 சதவீத இடம் உறுதி செய்யப்படும்.

மூன்றாவதே கடினமானது. ராஜகாலுவே மீட்கப்பட வேண்டும். ஆனால் அதன் கரையில் ஏழைகளின் வீடுகளும் உள்ளன. வாய்க்காலைக் காக்கும் பெயரில் அந்த வீடுகளை மட்டும் இடிப்பது அநீதி. வீடுகளைக் காக்கும் பெயரில் வாய்க்காலை அடைத்தே விடுவதும் அடுத்த மழையில் அதே வீடுகளை மூழ்கடிக்கும். பெரிய ஆக்கிரமிப்பிலிருந்து அளவெடுப்பு தொடங்க வேண்டும், அருகிலேயே மாற்று வீடு கையில் கிடைக்காமல் ஒரு குடும்பமும் நகர்த்தப்படக் கூடாது என்பது வேட்பாளரின் நிலை. இதைச் சொல்வதால் இரு பக்கமும் சில வாக்குகள் குறையலாம். தெரிந்தே சொல்கிறார். ஆதரவுக்கு உரியவர் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

சிம்லாவின் அனுபவமும் நினைவில் இருக்கட்டும். 2012இல் அங்கே மேயர், துணை மேயர் ஆகிய இரு பதவிகளையும் நேரடித் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி வென்றது. ஆனால் மன்றத்தில் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. 2017 தேர்தலுக்கு முன்பே மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை நீக்கப்பட்டது. பதவி கிடைப்பது தொடக்கம் மட்டுமே. அதைத் தாங்கி நிற்கும் மக்கள் அமைப்பு வார்டுதோறும் இல்லையென்றால், வென்றதைச் சட்டத்தின் ஒரு திருத்தம் பறித்துக் கொள்ளும்.

ஆகவே ஒவ்வொரு கிளையும் தன் வார்டின் வாய்க்காலை முதலிலிருந்து முடிவு வரை மக்களோடு நடந்து பார்க்க வேண்டும். எங்கே அடைபட்டுள்ளது, யார் அடைத்தனர், கரையில் எத்தனை குடும்பங்கள் உள்ளன என்பது ஒரு குறிப்பேட்டில் ஏற வேண்டும். வாடகை வீடு மாறியதால் பட்டியலில் பெயர் விடுபட்டோரைக் கண்டறிந்து சேர்க்க வேண்டும். கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு பேசும் அனைவர் வீட்டுக்கும் செல்ல வேண்டும். வெள்ளம் மொழி பார்த்து வீடு புகுவதில்லை. வாக்குக் கேட்கும் நடையே கணக்கெடுக்கும் நடையாகட்டும். தேர்தல் முடிவு எதுவாயினும், அந்தக் குறிப்பேடு மக்கள் கையில் இருக்கும்.