கொம்பு ஒரு வரியில், எழுத்து மறு வரியில்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் மலருக்கு டி.டி.பி. வேலை பார்ப்பவன் நான். ஒரு தப்பை ஒத்துக்கணும். சென்ற மலரின் நினைவஞ்சலிப் பக்கத்தில் மறைந்த நண்பர் ஒருவரின் பெயர் உடைந்து போச்சு. கொம்பு வரியின் கடைசியில், எழுத்து அடுத்த வரியில். "பேரையாவது முழுசாப் போட்டிருக்கலாமே" என்றார் அவர் மனைவி. எனக்குப் பதில் வரலை.

காரணம் தேடினேன். பழைய 8 பிட் ஃபான்ட்களில் கொம்பு தனியாக நிற்கும். ஏதோ ஓர் ஆங்கிலக் குறியின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். நம்ம ஃபான்டில் அது 150-ஆம் இடம். விண்டோஸ் கணக்கில் அது சிறுகோட்டின் இடம். கோட்டுக்குப் பிறகு வரியை மடிக்கலாம் என்பது மென்பொருளின் விதி, மடித்துவிட்டது!

யூனிகோடில் 'கெ' என்றால் 'க' முதலில், கொம்பு பிறகு பதிவாகும். மென்பொருள் கொம்பை முன்னால் காட்டும். இரண்டும் பிரியாது. ஆனால் இன்டிசைனில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு பின்னாலேயே நிற்கும்.

தம்பி தங்கைகளே, வரி தப்பாக மடிந்தால் எல்லாத்தையும் ஒண்ணா மாத்தாதீங்க. முதலில் மறைகுறிகளைப் பாருங்க, அடுத்து ஃபான்டை மாத்துங்க, பிறகு கம்போசரை. ஒரு தடவைக்கு ஒண்ணுதான். நம்ம லேபில் படிச்ச பாடம்தான் இது. கடைசியில் பிரிண்ட் எடுத்து, பெயர்களை வாய்விட்டுப் படிங்க.

இந்த மலரில் அந்த நண்பரின் பெயர் ஒரே வரியில், முழுசா இருக்கும்.