செவி காட்டும் வழி



கணிப்பொறியின் ஒலிக்கும் கவிதைக்கும் என்ன உறவு என்று சிலர் எண்ணலாம். நம் செய்யுளே ஒலியால் வழியறிவதற்கு அமைந்ததன்றோ? எதுகையைப் பற்றிக்கொண்டு மறந்த அடியை மீட்கிறோம். அந்தாதியில் ஒரு பாட்டின் ஈறே அடுத்த பாட்டின் வாயிலைத் திறக்கிறது.

1980களின் பிற்பகுதியில் வில்லியம் கேவர் என்னும் ஆய்வாளர் ஆப்பிள் கணிப்பொறிக்குச் 'சோனிக் ஃபைண்டர்' என்றோர் அமைப்பை உருவாக்கினார். கோப்பைத் தேர்ந்தால் மரத்தைத் தட்டிய ஓசை எழும். கோப்பு பெரிதாயின் ஓசை தாழும். படியெடுக்கும்போது கலத்தில் நீர் நிறையும் ஓசை கேட்கும். குடம் நிறைவதைக் காதால் அறியாதார் நம்மில் யார்? அது கற்பிக்க வேண்டாத குறிப்பு. 1989இல் மீரா பிளாட்னர் முதலியோர் முன்வைத்த இசைத்துணுக்குகளோ பழகிக் கற்க வேண்டியவை. எனக்கு முன்னதே உவப்பு.

பார்வையற்றோர்க்கு ஒலி அணியன்று, அதுவே வழி. இளமையில் பார்வையிழந்த டி. வி. ராமன், 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர்பட்ட ஆய்வில் கணிதத்தைச் செவிக்கு உரியதாக்கினார். சமன்பாட்டில் மேலே நிற்கும் அடுக்கெண் உயர்ந்த குரலில் ஒலிக்கும். கீழே நிற்கும் குறியெண் தாழ்ந்த குரலில் ஒலிக்கும். தாளில் இடம் உணர்த்தியதைக் குரலின் ஏற்ற இறக்கம் உணர்த்திற்று. உரைகாரர் மாணாக்கர்க்குப் பாடம் சொன்ன முறையும் ஏறத்தாழ இதுவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் துணிபு.

இன்று என்விடிஏ போன்ற திரைபடிப்பான்கள் தமிழையும் படிக்கின்றன. பார்வையற்ற என் மாணவி ஒருத்தி அவ்வாறுதான் நேரிசை வெண்பாவைக் கேட்கிறாள். சொற்கள் பிழையின்றி வருகின்றன. அடி முடிந்த இடம் தெரிவதில்லை. இரண்டாம் அடியின் தனிச்சொல்லுக்கு முன்னுள்ள சிறுகோடு ஒலியின்றிக் கடந்துபோகிறது. புதுக்கவிதையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நீங்கள் எண்ணி எண்ணி முறித்த வரிகள் ஒரே உரைநடையாக ஓடிவிடுகின்றன. "இங்கே வரி முடிகிறதா, அம்மா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் நான் படித்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

அடியிறுதிக்கு ஒரு மெல்லிய தட்டொலி, தனிச்சொல்லுக்குச் சற்றே உயர்ந்த குரல், பத்தி இடைவெளிக்கு ஒரு மௌனம்: இவற்றை அமைத்தல் பொறியாளர்க்கு அரிதன்று. எங்கே, எவ்வளவு என்பதைப் பொறியாளர் தாமே முடிவு செய்ய விடலாகாது. யாத்தவர் சொல்ல வேண்டும். ஆகவே இம்மலரில் கவிதை எழுதியுள்ளோர் தத்தம் கவிதையைத் தாமே படித்துக்காட்ட வருமாறு வேண்டுகிறேன். அம்மாணவி வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் துறை நூலகத்தில் இருப்பாள்.